6 கோடி ஆலிவ் மரங்கள்... நடுவே 128 கி.மீ. சைக்கிள் பாதை! 'எண்ணெய் ரயில்' ஓடிய வழி இவ்வளவு அமைதியானது எப்படி?

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆலிவ் மரங்கள். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடியும் ஒரு மேடு. அதற்கு நடுவே கார் இல்லை, லாரி இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. சைக்கிள் மிதிப்பவருக்குக் கேட்பதெல்லாம் செயின் ஓடும் சத்தமும் காற்றும்தான்.

தெற்கு ஸ்பெயினின் இந்தக் காட்சியை ஏதாவது பயண வீடியோவில் நீங்கள் பார்த்திருக்கலாம். பார்த்ததும் "அடடா, ஒரு தடவை போயிட்டு வரணும்" என்று தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் சில கேள்விகளும் வரும். சுற்றிலும் குன்றுகள் இருக்கும்போது பாதை மட்டும் எப்படி இவ்வளவு சமமாக இருக்கிறது? உலகத்துக்கே எண்ணெய் தருகிற ஊரில் ஏன் ஆள் நடமாட்டமே இல்லை? இந்த அமைதி எங்கிருந்து வந்தது?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது இந்த இடம்?

ஸ்பெயினின் தென்பகுதி மாநிலம் ஆண்டலூசியா. அதில் ஒரு மாகாணம் ஹாயேன். (எழுத்தில் 'ஜே' என்று தொடங்கும். ஆனால் ஸ்பானிய மொழியில் அதை 'ஹ' என்றுதான் உச்சரிப்பார்கள்.) இந்த ஒரே மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. அங்கே வசிக்கும் மக்கள் சுமார் 6.2 லட்சம் பேர். அதாவது ஆளுக்கு நூறு மரம் வீதம் கொடுத்துவிடலாம்!

நல்ல விளைச்சல் உள்ள ஆண்டில், உலகத்தில் கிடைக்கும் ஆலிவ் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மாகாணத்தில் இருந்து வருகிறது. 'ஆலிவ் கடல்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

இந்தக் கடலுக்குள் போகிற சைக்கிள் பாதையின் பெயர் 'வியா வெர்தே தெல் அசெய்தே'. தமிழில் சொன்னால் 'எண்ணெயின் பசுமை வழி'. ஹாயேன் நகரில் தொடங்கி, பக்கத்து மாகாணமான கோர்தோபாவில் உள்ள புவென்தே ஹெனில் வரை சுமார் 128 கிலோமீட்டர் நீள்கிறது.

இந்தப் பெயரிலேயே நமக்குத் தெரிந்த ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'அசெய்தே' என்ற ஸ்பானியச் சொல் எண்ணெயைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் ஆலிவை 'ஜைத்தூன்' என்கிறார்களே, அதுவும் அதே அரபு வேரில் இருந்து வந்ததுதான். ஆண்டலூசியா பல நூற்றாண்டுகள் அரபு மொழி பேசிய ஆட்சியாளர்களின் கீழ் இருந்தது. அதன் தடம் இன்றும் எண்ணெயின் பெயரில் இருக்கிறது. தமிழ் பைபிளில் வரும் 'ஒலிவ மரம்' இதே மரத்துக்கு லத்தீன் வழியாக வந்த இன்னொரு பெயர்.

அது என்ன 'எண்ணெய் ரயில்'?

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போடப்பட்டது அல்ல. 1890-களில் இந்த வழியில் ரயில் ஓடத் தொடங்கியது. லினாரெஸ் சுரங்கங்களில் இருந்து ஈயம், ஊர் ஊராக ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை மலாகா துறைமுகப் பக்கம் கொண்டு போவதுதான் அதன் முக்கிய வேலை. நாளடைவில் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'எண்ணெய் ரயில்'.

பிறகு சுரங்கங்கள் ஓய்ந்தன. எண்ணெய் ஏற்ற லாரிகள் வந்தன. பயணிகள் பேருந்துக்கும் காருக்கும் மாறினார்கள். 1985-ல், நஷ்டத்தில் ஓடிய பல பாதைகளை ஸ்பெயின் அரசு மூடியபோது இந்தப் பாதையும் முடிவுக்கு வந்தது.

தண்டவாளம் போன பிறகு என்ன மிச்சம்? குன்றுகளை வெட்டிப் போட்ட வழி, இரும்புப் பாலங்கள், ஆளில்லாத ஸ்டேஷன்கள். இதையெல்லாம் அப்படியே விட்டுவிடாமல், 1993-ல் 'பசுமை வழிகள்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பயன்பாடு இல்லாத ரயில் பாதைகளை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றிக் கொடுப்பதுதான் திட்டம். இன்று ஸ்பெயின் முழுக்க இப்படி 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பாதைகள் உள்ளன. எண்ணெய் ரயில் ஓடிய வழி அதில் ஒன்று.

மலைப்பகுதிதானே... மிதிக்க முடியுமா?

முடியும். காரணம், அது ரயில் போன வழி என்பதுதான்.

சாலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் கார் ஏறிவிடும். ரப்பர் டயருக்குத் தார் ரோட்டில் நல்ல பிடிப்பு இருக்கிறது. ரயில் அப்படி இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடுகிறது. ஏற்றம் அதிகமானால் சக்கரம் வழுக்கும். பாரம் ஏற்றிய சரக்கு ரயிலுக்கு 100 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் ஏறுவதே பெரிய வேலை.

அதனால் ரயில் பாதை போட்ட இன்ஜினியர்கள் குன்றின் மேல் நேராக ஏறவில்லை. குன்றைச் சுற்றி வளைத்தார்கள். சுற்ற முடியாத இடத்தில் வெட்டினார்கள் அல்லது சுரங்கம் குடைந்தார்கள். பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள். அன்று இன்ஜினுக்காகச் செய்த வேலை இன்று நம் முழங்காலைக் காப்பாற்றுகிறது.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மலைச் சாலைகளில் 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் இடங்கள் சாதாரணம். அதே வேகத்தில் போனால், அங்கே உடல் எடையையும் சைக்கிளையும் மேலே தூக்க ஆகும் உழைப்பு, 2 மீட்டர் ஏறும் பாதையைப் போல நான்கு மடங்கு. பழக்கம் இல்லாதவர் முதல் வகையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இரண்டாவதில் பேசிக்கொண்டே போகலாம். குழந்தைகள், வயதானவர்கள் எல்லாம் இந்தப் பாதையில் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2 சதவீதம் என்பது கண்ணுக்குத் தெரியாது. "சமமான ரோடுதானே, ஏன் இப்படிக் கால் வலிக்குது?" என்று நினைத்துக்கொண்டே 10 கிலோமீட்டர் ஏறிக்கொண்டிருப்போம். திரும்பும்போதுதான் புரியும்.

வழியில் என்னென்ன வரும்?

ஹாயேனில் இருந்து கிளம்பினால் வழியில் வரும் ஒரு பெரிய ஊர் மார்தோஸ். ஒரு பெரிய பாறை மலையின் அடியில் இருக்கும் ஊர். ஆலிவ் இங்கே வெறும் பயிர் அல்ல, அடையாளம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 8 அன்று ஆலிவ் திருவிழாவே நடக்கும்.

அடுத்து அல்காவுதெதே. அதைத் தாண்டினால் குவாதஹோஸ் ஆற்றின் மேல் ஓர் உயரமான இரும்புப் பாலம். ஹாயேன் மாகாணம் முடிந்து கோர்தோபா மாகாணம் தொடங்குவது இங்கேதான். ஒரு காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களோடு ரயில் போன பாலத்தில் இன்று சைக்கிளை நிறுத்தி போட்டோ எடுக்கிறார்கள்.

பிறகு லூக்கே, பாறை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை வீடுகளும் சிறிய கோட்டையும் உள்ள சுவேரோஸ், தோன்யா மென்சியா, காப்ரா, லுசேனா, கடைசியில் புவென்தே ஹெனில். பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் சில இடங்களில் உணவகமாகவும் சைக்கிள் வாடகைக்குத் தரும் இடமாகவும் மாறியிருக்கின்றன. டிக்கெட் வாங்கக் காத்திருந்த இடத்தில் இன்று காபி குடிக்கலாம்.

ஊர்ச் சாலைகளில் சைக்கிள் ஓட்டலாமா?

ஓட்டலாம். ரயில் பாதையை விட்டு விலகினால் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஏராளமான சிறு சாலைகள் உள்ளன. தோப்பில் இருந்து எண்ணெய் ஆலைக்குக் காய் கொண்டு போவதற்காகப் போட்டவை. அறுவடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் வண்டி மிகக் குறைவு. ஆனால் இவை ரயில் வழி இல்லை. ஏற்றம் என்றால் நிஜமான ஏற்றம்!

தொழில்முறை வீரர்களும் இங்கே வருகிறார்கள். 2022 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் 'கிளாசிகா ஹாயேன்' என்ற சைக்கிள் பந்தயம் நடக்கிறது. உபேதா, பாயேசா ஆகிய பழைமையான நகரங்களைச் சுற்றி, தோப்புகளுக்குள் போகும் மண் பாதைகளும் பந்தயத்தில் உண்டு. 2023-ல் இதை வென்றவர், டூர் டி பிரான்ஸ் பட்டத்தைப் பலமுறை வென்ற ததேய் பொகாச்சார்.

சாதாரண ஆட்களுக்குத் தைரியம் கொடுப்பது ஸ்பெயினின் சாலைச் சட்டம். சைக்கிளை முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்காக, எதிரே வண்டி வராவிட்டால், நடுவில் உள்ள தொடர்கோட்டைத் தாண்டவும் காருக்கு அனுமதி உண்டு. எதிரே சைக்கிள் வந்தாலும் முந்தக் கூடாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே குற்றம் இல்லை. அதே நேரம், ஊருக்கு வெளியே சைக்கிளுக்கும் ஹெல்மெட் உண்டு. இரவிலும் சுரங்கத்திலும் விளக்கு கட்டாயம்.

சரி, ஏன் இவ்வளவு அமைதி?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில் அவ்வளவு இனிப்பானது இல்லை.

1950-ல் ஹாயேன் மாகாணத்தின் மக்கள்தொகை ஏழரை லட்சத்துக்கும் மேல். இன்று சுமார் 6.2 லட்சம். எழுபது ஆண்டுகளில் ஸ்பெயின் முழுக்க மக்கள்தொகை கூடியபோது இங்கே குறைந்திருக்கிறது. 1950-களில் தொடங்கி, வேலை தேடி மாட்ரிட், பார்சிலோனா, பிரான்ஸ், ஜெர்மனி என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள்.

காரணம் அந்தப் பயிரிலேயே இருக்கிறது. ஆலிவ் வருடம் முழுக்க வேலை தருகிற பயிர் இல்லை. கவாத்து, உழவு என்று நடுவில் கொஞ்சம் வேலை இருக்கும். பெரிய வேலை அறுவடைதான். நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை. மரத்தடியில் வலை விரித்து, நம் ஊரில் புளி உலுக்குகிற மாதிரி நீளக் கம்பால் கிளைகளைத் தட்டிக் காயை உதிர்ப்பார்கள். முன்பு ஊரே தோப்பில் இருக்கும். இப்போது மரத்தைப் பிடித்து உலுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆள் தேவை குறைந்தது. மிச்சம் இருக்கிற வேலைக்கு மொராக்கோவில் இருந்தும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளில் இருந்தும் வந்தவர்களும் சேர்ந்து பாடுபடுகிறார்கள். சீசன் முடிந்ததும் அவர்கள் வேறு ஊருக்கு, வேறு பயிருக்குப் போய்விடுவார்கள்.

ஆக, ஏப்ரலில் சைக்கிள் ஓட்டப் போகிறவருக்குக் கிடைக்கும் அமைதி, ரயில் நின்றுபோனதாலும் இளைஞர்கள் ஊரை விட்டுப் போனதாலும் வந்தது. நமக்கு அது விடுமுறை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வேலை இல்லாத மாதம்.

மழை பொய்த்தபோது என்ன ஆனது?

இதன் தீவிரத்தை 2022-ம் 2023-ம் காட்டிக் கொடுத்தன. கடும் வறட்சி. போதாக்குறைக்கு, மரம் பூக்கிற வசந்த காலத்திலேயே வெயில் கொளுத்தியது. பூ கருகினால் காய் ஏது?

2021-22 சீசனில் ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி சுமார் 14.9 லட்சம் டன். அடுத்த சீசனில் அது 6.65 லட்சம் டன் அளவுக்குச் சரிந்தது. பாதிக்கும் கீழே! 2023-24-லும் சுமார் 8.5 லட்சம் டன்தான். 2024 தொடக்கத்தில் உற்பத்தியாளரிடம் வாங்கும் விலையே கிலோவுக்கு 9 யூரோ வரை போனது. எண்ணெய் விளையும் நாட்டிலேயே மக்கள் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினார்கள். 2024 ஜூலையில் ஆலிவ் எண்ணெய் மீதான மதிப்புக் கூட்டு வரியை ஸ்பெயின் அரசு தற்காலிகமாகப் பூஜ்யம் ஆக்கியது.

விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே என்று கேட்கலாம். விற்க எண்ணெய் இருந்தால்தானே லாபம்? கூலித் தொழிலாளிகள் நிலைமை இன்னும் மோசம். காய் இல்லை என்றால் கூலி நாள் இல்லை. ஆண்டலூசியாவில் விவசாயத் தொழிலாளர்கள் வேலையில்லாக் கால உதவித்தொகை பெற, குறிப்பிட்ட நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். வறட்சியில் அதுவே கிடைக்காமல் போனதால், 35 நாள் என்று இருந்ததை அரசு படிப்படியாக 10 நாளாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

2024-25 சீசனில் மழை கைகொடுத்தது. உற்பத்தி மறுபடியும் 14 லட்சம் டன்னைத் தொட்டது. விலையும் இறங்கியது. ஆனால் அடுத்த வறட்சி எப்போது என்ற பயம் போகவில்லை.

சரிவில் நிற்கும் மரங்களுக்கு என்ன ஆபத்து?

சைக்கிளில் போகும்போது நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது குன்றுச் சரிவில் வரிசை வரிசையாக நிற்கும் பழைய மரங்கள். மரத்துக்கு மரம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி. ஒரே இடத்தில் இருந்து இரண்டு மூன்று அடிமரங்கள் கிளம்பியிருக்கும். ஹாயேனில் பெரும்பாலும் 'பிக்குவல்' என்ற ரகம். கொஞ்சம் கசப்பும் காரமும் உள்ள எண்ணெய் தரும்.

சிக்கல் என்னவென்றால், அதிகம் செலவு வைப்பவையும் இதே மரங்கள்தான். செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது. ஆள் வைத்துத்தான் பறிக்க வேண்டும். அதே நேரம் சமவெளியில், ஒரு ஹெக்டேருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடிகளை வேலி மாதிரி நெருக்கி நட்டு, இயந்திரத்தை மேலே ஓட்டி அறுவடை செய்யும் புதிய பண்ணைகள் பெருகுகின்றன. அவற்றின் செலவு மிகக் குறைவு. கடையில் இரண்டு எண்ணெயும் ஒரே விலைக்கு நின்றால், சரிவில் இருக்கும் விவசாயிக்குக் கட்டுப்படி ஆகுமா?

இன்னொரு பக்கம் மண் அரிப்பு. மரங்களுக்கு நடுவே புல்லே இல்லாமல் உழுது வைக்கும் சரிவுகளில், ஒரு பெருமழை வந்தால் மேல்மண் ஓடையோடு போய்விடும். இதனால் புல்லை விட்டு வளர்க்கும் முறைக்குப் பல விவசாயிகள் மாறி வருகிறார்கள். பாதை ஓரம் சில தோப்புகள் பச்சையாகவும் சில வெறும் மண்ணாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

"இவ்வளவு அழகான இடத்தைப் பாதுகாக்கக் கூடாதா?" என்று தோன்றும். முயற்சி நடந்தது. ஆண்டலூசியாவின் ஆலிவ் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க ஹாயேன் மாகாண நிர்வாகம் முன்னின்று விண்ணப்பம் தயாரித்தது. எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? விவசாயிகளிடம் இருந்தே! பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டால் சொட்டுநீர் போடவும், ரகம் மாற்றவும், கொட்டகை கட்டவும் கூட அனுமதி கேட்க வேண்டி வருமோ என்று பயந்தார்கள். 2023-ல் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

பார்க்க வருகிறவருக்கு அது காட்சி, அங்கே இருப்பவருக்கு அது வயல். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறி இன்னும் தீரவில்லை.

போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர். இதுதான் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆலிவ் மரம் பெரிய நிழல் தராது.

* 128 கிலோமீட்டரையும் நிதானமாக முடிக்க இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். ஹாயேனுக்கு மாட்ரிட்டில் இருந்து ரயில் உண்டு. இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

* பாதையில் பெரும்பகுதி இறுகிய மண். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரை விட, கொஞ்சம் அகலமான டயர் நல்லது. மழை பெய்த மறுநாள் சேறு ஒட்டும்.

* ஊருக்கும் ஊருக்கும் நடுவே கடை இருக்காது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலை வரை கடைகள் மூடியிருக்கும்.

* அறுவடைக் காலத்தில் போனால், காய் ஏற்றிய டிராக்டருக்கு வழி விடுங்கள். அந்தச் சாலை முதலில் அவர்களுடையது. விரித்து வைத்த வலை மீது சைக்கிளை ஏற்றாதீர்கள்.

* ஊர்க் கூட்டுறவு எண்ணெய் ஆலைகள் பலவற்றில் நேரடி விற்பனை உண்டு. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 5 கிலோ காய் வேண்டும். அங்கேயே ஒரு டின் வாங்கினால் அந்தப் பணம் அந்த ஊரிலேயே இருக்கும்.

ஹாயேன் மாகாணத்துக்கென்று ஒரு கீதம் உண்டு. ஸ்பெயின் கவிஞர் மிகெல் ஹெர்னாந்தெஸ் உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதிய, ஆலிவ் பறிப்பவர்களைப் பற்றிய கவிதை அது. இந்த மரங்களை வளர்த்தது யார் என்று அவர்களைப் பார்த்தே கேட்கும் கவிதை. அதை எழுதியவர் 1942-ல் சிறையில் இறந்தார். அடுத்த முறை அந்த வீடியோவைப் பார்க்கும்போது, ஆள் இல்லாத அந்தத் தோப்புகளுக்குப் பின்னால் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.